ஸ்பெயின் நாட்டுச் சமையலும் நம் கடைச் சரக்கும்



அடையாறு பகுதியில் மளிகைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் மண்டிக்கு வந்திருந்தார். வழக்கமான கொள்முதலை முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, இதைப் பாருங்கள். பத்து வருடமாக நம்மிடம் வாங்கும் வீடு. அவர்கள் மருமகள் ஸ்பெயினில் படித்துவிட்டு வந்திருக்கிறாராம். ஒரு விருந்துக்கு இவ்வளவும் கேட்டார். இதெல்லாம் நம்மிடம் கிடையாதம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்த வீட்டு வாசலில் செயலிக்காரர் பையோடு நிற்கிறார்" என்றார்.

தாளில் பத்துப் பெயர்கள் இருந்தன. கார்பன்சோ, அஸஃப்ரான், பிமென்தோன், போம்பா அரிசி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, பாதாம், சீரகம், பட்டை, வினிகர். முதல் நான்கு பெயர்களைப் பார்த்த உடனேயே தம்பிக்கு மலைப்பு வந்துவிட்டது. மீதியை அவர் படிக்கவே இல்லை. "தம்பி, கார்பன்சோ என்றால் வெள்ளைக் கொண்டைக்கடலை. நீங்கள் இல்லை என்று சொன்னபோது அந்த மூட்டை உங்கள் காலடியில்தான் இருந்திருக்கும். அஸஃப்ரான் என்றால் குங்குமப்பூ. அது உங்கள் கல்லாப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்" என்றோம். பத்தில் எட்டுச் சரக்கு அவர் கடையில் இருந்தது. மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய ஈடானவை இருந்தன. பெயர் தெரியாத ஒரே காரணத்தால் பத்து வருட வாடிக்கை கைமாறியது.

அந்தத் தம்பிக்குச் சொன்னதை எல்லா உறுப்பினர்களுக்கும் சொன்னால் பயன்படும் என்று கருதி இப்பாடத்தை எழுதுகிறோம். நாம் சமையல் வல்லுநர் அல்ல, பள்ளிப் படிப்போடு தராசு பிடிக்க வந்தவர்கள். ஆனாலும் சரக்கின் வழியாக ஒரு நாட்டின் சமையலை அறிந்துகொள்ள வியாபாரிக்குத் தனித் தகுதி உண்டு.

மயிலாப்பூருக்கும் ஸ்பெயினுக்கும் என்ன தொடர்பு?

சாந்தோமில் போர்ச்சுகீசியர் குடியேறியது 1520-களில். அது நாம் அறிந்ததே. ஆனால் 1580 முதல் 1640 வரை போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய இரு நாட்டு மகுடங்களும் ஒரே அரசரின் தலையில் இருந்தன. நிர்வாகம் போர்ச்சுகீசியர் கையிலேயே இருந்தாலும், அந்த அறுபது ஆண்டுகள் சாந்தோம் துறைமுகத்தின் அரசர் ஸ்பெயின் அரசரே. 1639-ல் ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றபோதும் சாந்தோமில் நிலைமை அதுதான்.

1492-ல் கொலம்பஸ் ஸ்பெயின் அரசியின் ஆதரவோடு கடல் கடந்து சென்றது மிளகைத் தேடி. கிடைத்ததோ மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போய், போர்ச்சுகீசியக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தது. இன்று மிளகாய் வற்றல் இல்லாத மளிகைக் கடை நம் ஊரில் உண்டா? தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட அதே கண்டத்தில் பிறந்தவைதாம்.

எதிர்த் திசையிலும் சரக்கு போயிருக்கிறது. அரிசி, குங்குமப்பூ, கரும்புச் சர்க்கரை ஆகியவற்றை ஸ்பெயினில் பயிராக்கியவர்கள் அரபியர். அரிசிக்கு அங்கே 'அர்ரோஸ்' என்று பெயர், அது அரபுச் சொல். குங்குமப்பூவுக்கு 'அஸஃப்ரான்' என்பதும் அரபு மொழியின் 'ஸஃப்ரான்' என்பதே. நம் நாட்டில் வடக்கத்தி வியாபாரிகள் 'ஜாஃப்ரான்' என்று சொல்வதும் அதே சொல்தான். சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் 'அஸூகார்' அரபு, பாரசீகம் வழியாக வடமொழியின் 'சர்க்கரா' என்ற சொல்லில் போய் முடிகிறது. ஆகவே அந்தத் தாளில் இருந்த புதுப் பெயர்களில் சில, நமக்குத் தூரத்து உறவு.

அவர்கள் சாப்பாட்டு முறை

ஸ்பெயினில் பகல் உணவுதான் பெரிய உணவு. இரண்டு மணிக்கு மேல்தான் இலை போடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு ஒன்பது, பத்து மணிக்கு. பிற்பகலில் சிறிய கடைகள் பல சாத்தப்பட்டு, மாலையில் திறந்து இரவு வரை நடக்கும். நம் முன்னோர் காலத்துக் கடைத்தெரு வழக்கம் போன்றதே.

இடைவேளைப் பசிக்கு 'தபாஸ்' என்னும் சிறு தட்டு உணவுகள் உண்டு. 'தபா' என்றால் மூடி என்று பொருள். நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டு, நண்பரோடு பேசிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை முன்னால் தட்டைக் கையில் ஏந்தி நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பகுதியிலேயே கதீட்ரல் சாலையில் 2000-களில் 'ஸாரா' என்ற தபாஸ் விடுதி நடந்தது. பெயரைப் பலர் அறிந்தது அப்போதுதான்.

அந்த நாடு முழுவதற்கும் ஒரே சமையல் கிடையாது. தெற்கே அந்தலூசியாவில் வெயில் அதிகம். அங்கே 'கஸ்பாச்சோ' என்னும் குளிர்ந்த சாறு புகழ் பெற்றது. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, பழைய ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் ஆகியவற்றை அரைத்துக் குளிரவைத்துக் குடிப்பது. சித்திரை வெயிலுக்கு நாம் நீராகாரம் குடிப்பதுபோல் அவர்களுக்கு இது. பழைய சோற்றை நாம் வீணாக்காததுபோல் பழைய ரொட்டியை அவர்கள் வீணாக்குவதில்லை. நடுநாட்டில், மத்ரீத் நகரில், கொண்டைக்கடலையும் இறைச்சியும் காய்களும் சேர்த்து வேகவைக்கும் 'கொசீதோ' உண்டு. அதை மூன்று முறையாகப் பரிமாறுவார்கள். முதலில் சாறு, பிறகு கடலையும் காயும், கடைசியில் இறைச்சி. நாம் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை வைத்திருப்பதுபோல் அவர்களுக்கும் வரிசை உண்டு. நாடு முழுவதும் பொதுவாக இருப்பது உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை. அதற்குத் 'தோர்த்தியா' என்று பெயர்.

இனி சரக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஆலிவ் எண்ணெய்

உலகில் மிக அதிகமாக ஆலிவ் எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயின். அதிலும் அந்தலூசியாவின் ஹயென் மாவட்டம் முதன்மையானது. நமக்குச் செக்கு நல்லெண்ணெய் எப்படியோ அவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் அப்படி. தாளிக்கவும் பொரிக்கவும் பச்சையாக ஊற்றிக்கொள்ளவும் அதுவே.

இதில் தர வேறுபாடு தெரியாமல் விற்பவர்கள் பலர். கடலை எண்ணெய் வியாபாரம் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பது காயை அரைத்துச் சூடேற்றாமல் பிரித்த முதல் தர எண்ணெய், நம் மரச்செக்கு எண்ணெய் போன்றது. அதன் அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 'வர்ஜின்' என்றால் 2 சதவீதம் வரை. வெறும் 'ஆலிவ் எண்ணெய்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சுத்திகரித்த எண்ணெயோடு சிறிது வர்ஜின் எண்ணெய் கலந்தது. 'பொமேஸ்' என்பது எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்துச் சுத்திகரித்தது. கடலைப் பிண்ணாக்கிலிருந்து சால்வென்ட் எண்ணெய் எடுப்பதில்லையா, அதுதான். 'லைட்' என்று எழுதியிருந்தால் நிறமும் மணமும் லேசு என்று பொருள். கொழுப்புக் குறைவு என்று பொருள் அல்ல.

பொமேஸ் தீங்கான பொருள் அன்று. பொரிப்பதற்கு ஏற்றது, விலையும் குறைவு. அதை அந்தப் பெயரிலேயே விற்பது வியாபாரம். "எல்லாம் ஆலிவ் எண்ணெய்தான்" என்று சொல்லி விற்பது வியாபாரம் அல்ல. கஸ்பாச்சோ செய்யப் போகிறேன் என்று கேட்பவருக்கு எக்ஸ்ட்ரா வர்ஜின் கொடுங்கள். பச்சையாக ஊற்றுவதற்கு மணம் வேண்டும். பஜ்ஜி போடப் போகிறேன் என்பவருக்கு விலை கூடிய பாட்டிலைத் தலையில் கட்டாதீர்கள்.

இந்த எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் பகை. கடை முகப்புக் கண்ணாடி ஓரத்தில் அழகுக்கு அடுக்கினால் நம் ஊர் வெயிலில் சிக்கடித்துவிடும். உள் அலமாரியில், அடுப்பும் வெயிலும் இல்லாத இடத்தில் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

விலை ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. 2021-22 பருவத்தில் ஏறக்குறைய 15 லட்சம் டன் எடுத்த ஸ்பெயின், வறட்சியால் 2022-23-ல் சுமார் 6.6 லட்சம் டன்தான் எடுத்தது. ஒரு நாட்டில் மழை தவறியதால் உலகம் முழுவதும் விலை ஏறியது. அப்போது நம் கடைகளில் "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்ட வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? காரணம் சொன்ன கடைக்காரர்மேல் கோபம் வராது. விழித்தவர்மேல்தான் சந்தேகம் வரும்.

2. குங்குமப்பூ

ஒரு கிலோ குங்குமப்பூவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். ஒவ்வொரு பூவிலும் மூன்றே சிவப்பு இழைகள். ஸ்பெயினில் லா மாஞ்சா பகுதியில் அக்டோபர் கடைசியில் பூ மலரும். அதிகாலையில் பறித்து, அன்றே இழை பிரித்து, லேசான சூட்டில் வாட்டி உலர்த்துவார்கள். இந்த வாட்டும் முறைதான் அவர்கள் சரக்குக்குத் தனி மணம் தருகிறது.

இன்று உலக உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு ஈரானுடையது. ஸ்பெயினின் சொந்த விளைச்சல் மிகக் குறைவு. வெளிநாட்டுக் குங்குமப்பூவை வாங்கி அங்கே பெட்டியிலடைத்து அனுப்புவதும் உண்டு. எனவே பெட்டியில் 'ஸ்பெயின்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் அது லா மாஞ்சா வயலில் விளைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். விளைந்த நாடு எது, அடைத்த நாடு எது என்று தனித்தனியாகப் பாருங்கள். நம் காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த இடத்தில் நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1988-ல், நாம் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம், ஓர் இடைத்தரகர் "ஸ்பெயின் சரக்கு" என்று சொல்லிச் சிறு பெட்டிகளில் குங்குமப்பூ கொண்டுவந்தார். விலை மலிவு. சோதிக்காமல் வாங்கினோம். அப்பாவிடமும் கேட்கவில்லை. தி.நகர்ப் பகுதிக் கடைக்காரர் ஒருவருக்கு அதில் ஒரு டஜன் கொடுத்தோம். அவரிடம் ஓர் அம்மா, கர்ப்பிணியான தம் மகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்க வாங்கிப்போனார். போட்ட மாத்திரத்தில் பால் ரத்தச் சிவப்பாகிவிட்டது. இழை வெளுத்துப்போயிற்று. சாயம் ஏற்றிய சோளநார்!

அந்த அம்மா நல்லவேளையாகப் பாலைக் கீழே கொட்டிவிட்டார். பெட்டியைக் கொண்டுவந்து கடைக்காரர் முன்னால் வைத்தாராம், ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். கடைக்காரர் நம்மிடம் வந்தார். அப்பா எழுந்து நின்று, எல்லாப் பெட்டிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதிச் சரக்கை நம் கையாலேயே அடுப்பில் போடச் சொன்னார். "சரக்கு திரும்பி வந்தால் பணம்தான் போகும். சொன்ன சொல் திரும்பி வந்தால் கடையே போகும்" என்றார். அந்தக் கடைக்காரர் பிறகு மற்ற சரக்கை நம்மிடம் வாங்கினார். குங்குமப்பூவை மட்டும் கடைசிவரை வாங்கவில்லை. அந்த அம்மா அவர் கடைக்கு மறுபடி வரவே இல்லை. ஸ்பெயின் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பால் தம்ளர்தான் நினைவுக்கு வருகிறது.

சோதிப்பது கடினமல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு இழை போடுங்கள். உண்மைச் சரக்கு மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில், பொன் மஞ்சள் நிறம் விடும். இழை சிவப்பாகவே இருக்கும். போலி உடனே சிவப்பாகக் கரையும், இழை வெளுக்கும். உண்மை இழை ஒரு முனையில் சிறு எக்காளம்போல் விரிந்திருக்கும். இது முதல் கட்டச் சோதனைதான். மொத்தமாக வாங்குவோர் ஆய்வுக்கூட அறிக்கை கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 3632 என்ற அளவுகோலின்படி நிறத்திறன் 200-க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம்.

மற்றொன்று. குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று சொல்லி விற்காதீர்கள். அதில் உண்மை இல்லை. அதிக அளவு கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதே நம் கடமை.

3. பிமென்தோன் என்னும் மிளகாய்த்தூள்

தாளில் இருந்த இந்தப் பெயர் ஒரு வகைச் சிவப்பு மிளகாய்த்தூள். லா வேரா என்ற பகுதியில் மிளகாயைக் கருவாலி மரப் புகையில் பத்துப் பதினைந்து நாள் உலர்த்தி அரைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே மழை என்பதால் வெயிலில் காயவைக்க முடியாது. அந்தக் குறையே புகை மணம் என்ற சிறப்பாகிவிட்டது. தெற்கே முர்சியாவில் நம்மைப்போல் வெயிலில் உலர்த்துகிறார்கள். இனிப்பு, நடுத்தரம், காரம் என்று மூன்று வகை உண்டு. இனிப்பு என்றால் சர்க்கரை அல்ல, காரம் இல்லாதது.

நம்மிடம் இதற்கு நெருங்கியது காஷ்மீரி மிளகாய்த்தூள் அல்லது பேடகி வற்றலை அரைத்த தூள். நிறம் கிடைக்கும், காரம் அளவாக இருக்கும். புகை மணம் கிடைக்காது. "அதுவே இல்லையம்மா, இதைப் போட்டால் நிறம் வரும், புகை வாசனை மட்டும் வராது" என்று சொல்லிக் கொடுங்கள். குண்டு மிளகாய்த் தூளைக் கொடுத்தால் விருந்தாளிகள் கண்ணீர் விடுவார்கள்!

4. அரிசியும் பயேயாவும்

ஸ்பெயின் உணவு என்றால் உலகம் முதலில் சொல்வது 'பயேயா'. இது வலென்சியா பகுதியின் உணவு. உண்மையில் பயேயா என்பது பாத்திரத்தின் பெயர். அகலமான, ஆழமில்லாத, இரண்டு கைப்பிடி வைத்த இரும்புச் சட்டி. அந்தப் பகுதியில் அல்புஃபேரா என்னும் ஏரியைச் சுற்றி நெல் வயல்கள். வயலில் வேலை செய்தோர் கிடைத்ததைப் போட்டுச் சமைத்த சோறு அது. கோழி, முயல், பச்சை அவரை, பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, பிமென்தோன், குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் ஆகியவை பழைய முறை. மீன், இறால் போடுவது கடற்கரை வழக்கம்.

பிரியாணியை நினைத்துக்கொண்டு பாசுமதி கொடுத்தால் பயேயா வராது. அவர்கள் 'போம்பா' போன்ற குட்டையான, உருண்டை அரிசியைப் பயன்படுத்துகிறார்கள். போம்பா ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் குடித்தும் உடையாது. சோற்றை ஒரு விரல் உயரத்துக்கு மேல் போடமாட்டார்கள், கிளறவும் மாட்டார்கள். அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலுக்குச் 'சொக்கர்ரத்' என்று பெயர். அதற்குத்தான் போட்டி! வெண்கலப் பானையில் பாட்டி சுரண்டிக் கொடுத்த காந்தலுக்கு நாம் அடித்துக்கொண்டதுபோல.

போம்பா அரிசி இறக்குமதிச் சரக்கு. வாங்கி வைத்து முடக்க வேண்டாம், முன்பதிவு பெற்று வரவழைக்கலாம். ஈடாக நம் வீட்டில் சமைத்துப் பார்த்ததில் சீரக சம்பா ஓரளவு ஒத்துவந்தது. ஆனால் அதற்குச் சொந்த மணம் உண்டு என்பதையும், தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இட்லி அரிசி உதவாது.

5. கொண்டைக்கடலை, பூண்டு, பாதாம்

சைவ வாடிக்கையாளர்களுக்கு ஏற்ற ஸ்பெயின் உணவு செவில்யா நகரத்துக் கடலைக் கீரை. வெள்ளைக் கொண்டைக்கடலை, பசலைக்கீரை, பூண்டு, சீரகம், ஆலிவ் எண்ணெய், சிறிது பிமென்தோன், வினிகர். இதில் மயிலாப்பூர்க் கடையில் கிடைக்காதது எது? கடலையை எண்ணிக்கைத் தரம் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? 42/44 என்றால் பெரிய கடலை, 58/60 என்றால் சிறியது. அங்கும் இரண்டு வகைக்கும் ஆள் உண்டு. பழைய இருப்பு எவ்வளவு ஊறினாலும் வேகாது. புதுச் சரக்கைக் கொடுங்கள்.

பூண்டு இல்லாமல் அவர்கள் அடுப்பு எரியாது. லாஸ் பெத்ரொஞ்ஞேராஸ் என்ற ஊரின் ஊதாப் பூண்டு பெயர் பெற்றது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றதுதான். பாதாமும் பூண்டும் ரொட்டியும் அரைத்த வெள்ளைக் கஸ்பாச்சோ ஒன்று மாலகா நகரில் உண்டு. அதற்குத் திராட்சையைத் துணைக்கு வைப்பார்கள்.

6. இனிப்பு வகை

கிறிஸ்துமஸ் காலத்தில் 'துரோன்' இல்லாத வீடு அங்கே அரிது. வறுத்த பாதாமும் தேனும் சேர்த்த கட்டி. அலிகாந்தே வகை கடிக்கக் கடினம், ஹிஹோனா வகை அரைத்து மென்மையாக்கியது. கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கையில் எடுத்தால் பாதித் துரோன் புரிந்துவிடும். பாலும் அரிசியும் பட்டையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்த இனிப்பு நம் பால் பாயசத்தின் தங்கை. 'சுர்ரோஸ்' என்பது கோதுமை மாவைக் கொதிநீரில் பிசைந்து, முள்ளு முறுக்கு அச்சுப் போன்ற நட்சத்திர அச்சில் பிழிந்து பொரிப்பது. அதைக் கெட்டியான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. வலென்சியாவில் 'ஓர்சாத்தா' என்ற பால் போன்ற குளிர்பானம் உண்டு. அது கோரை இனக் கிழங்கு ஒன்றிலிருந்து எடுப்பது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரைக்கிழங்கு அதே இனமானாலும் வேறு கிழங்கு. அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

சைவமா, அசைவமா?

உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை 'ஹமோன்', பன்றி இறைச்சிக் குழல் 'சொரீசோ' ஆகியவை அங்கே அன்றாட உணவு. கடலைக் குழம்பு, அவரைக் குழம்பு என்ற பெயரில் வரும் டின்களிலும் இவை கலந்திருக்கக்கூடும். பெயரை மட்டும் பார்த்துச் சைவம் என்று சொல்லிவிடாதீர்கள். மயிலையில் சைவ வீட்டாரும், இஸ்லாமிய அன்பர்களும் நம்மை நம்பி வாங்குகிறார்கள். பச்சைக் குறியா, பழுப்புக் குறியா, உள்ளே என்னென்ன பொருள், இறக்குமதியாளர் பெயர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதித் தேதி ஆகியவற்றை அலமாரியில் ஏற்றுமுன் படியுங்கள். இவை இல்லாத இறக்குமதிப் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம்.

நம் சரக்கும் அங்கே போகிறது

வாங்குவது மட்டுமல்ல, நாம் விற்கவும் செய்கிறோம். ஊறுகாய்க்கான வெள்ளரிப் பிஞ்சு 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் பயிராகத் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. உலகத் தேவையில் சுமார் 15 சதவீதம் இந்தியாவில் விளைகிறது. வாங்கும் நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. அங்கே குச்சியில் ஆலிவ் காயோடும் வெங்காயத்தோடும் கோத்துத் தரும் தபாஸில் அது இடம்பெறும். நம் கடல் கணவாயையும் ஸ்பெயின் விரும்பி வாங்குகிறது. கணவாய் மையில் வேகவைத்த கறுப்புச் சோறு அவர்கள் கடற்கரை ஊர்களில் புகழ் பெற்றது.

பாடத்தின் சுருக்கம்

ஒன்று, தெரியாத பெயரைக் கேட்டால் "இல்லை" என்று சொல்லாதீர்கள். "எதற்கம்மா பயன்படும்?" என்று கேளுங்கள். பாதிச் சரக்கு அந்தப் பதிலிலேயே அகப்பட்டுவிடும். இரண்டு, ஈடு கொடுத்தால் ஈடு என்று சொல்லிக் கொடுங்கள். மூன்று, எண்ணெயைத் தரத்தின் பெயர் சொல்லி விற்றுப் பில்லிலும் எழுதுங்கள். நான்கு, குங்குமப்பூவைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். ஐந்து, ஆசைக்குச் சரக்குப் போட்டு முடக்காமல், கேட்பவர் பெயரைக் குறித்துக்கொண்டு வரவழையுங்கள்.

செயலிக்காரரிடம் வேகம் இருக்கிறது. "அது இல்லாவிட்டால் இதைப் போடுங்கள், ஆனால் தண்ணீரைக் குறையுங்கள்" என்று சொல்லும் வாய் அவரிடம் இல்லை. அது நம்மிடம் இருக்கிறது. அடையாற்றுத் தம்பி இப்போது அந்தப் பத்துப் பெயர்களையும் தமிழில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார். அந்த மருமகளைத் தெருவில் பார்த்து, "அன்று தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா" என்று ஒப்புக்கொண்டாராம். மறுவாரம் கடலையும் பூண்டும் அவரிடமிருந்தே போயிற்று.

முடிவாக ஒன்று. வலென்சியா நகரில், இன்றைய மையச் சந்தைக்கு எதிரே, பழைய காலத்து வணிகர்கள் கட்டிய பட்டு மாளிகை ஒன்று இருக்கிறது. 1482-ல் தொடங்கிக் கட்டியது. 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பெரிய கூடத்துச் சுவரைச் சுற்றி இலத்தீன் மொழியில் வணிகருக்கு அறிவுரை பொறித்திருக்கிறார்கள். நாவில் வஞ்சகம் இல்லாமல், அயலாருக்குக் கொடுத்த உறுதியை மீறாமல், வட்டிக்கு விட்டுப் பிழைக்காமல் வியாபாரம் செய்பவன் செல்வத்திலும் பெருகுவான், நிலையான வாழ்வும் பெறுவான் என்பது அதன் கருத்து. இங்கே மயிலைக்குச் சொந்தமாக நாம் கொண்டாடும் வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகருக்கென்றே ஒரு குறள் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணச் சொல்கிறார். கடல் கடந்த இரண்டு ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வியாபாரிக்குச் சொன்னது ஒன்றே.

இன்று இரவு கடை கட்டுமுன், உங்கள் அலமாரியில் இருக்கும் ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலைத் திருப்பி என்ன தரம் என்று படியுங்கள். ஒரு தம்ளர் வெந்நீரில் நான்கு இழை குங்குமப்பூ போட்டுப் பாருங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.